வந்த ஊரில் வீடு கண்டவர்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் கூட்டம் முடிந்து அனைவரும் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துச் சென்று ஒரு தாளை விரித்துக் காட்டினார். அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு ஆசிரியராகப் பணியாற்றி அண்மையில் ஓய்வு பெற்றவர். விரித்த தாளில் ஒரு வீட்டின் வரைபடம் இருந்தது. அடிக்கோல் வைத்து, அளவு பிசகாமல், அவரே வரைந்தது. முன்புறம் பெரிய கூடம், மூன்று படுக்கையறைகள், பூசையறை, மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம் என ஒன்றும் குறைவில்லை. தஞ்சை மாவட்டத்தில் தம் தந்தையார் விட்டுச் சென்ற மனையில், ஓய்வுக்காலத்தில் கைக்கு வந்த தொகையைக் கொண்டு இதனைக் கட்டி முடிக்க எண்ணியிருப்பதாக அவர் கூறினார்.

"மிக நன்று. அவ்வீட்டில் யார் குடியிருப்பார்கள்?" என்று நாம் கேட்டோம்.

அவர் உடனே விடை கூறவில்லை. மகனுக்கு இவ்வூரிலேயே வேலை, மருமகளுக்கும் அப்படியே. பேரன் இங்கே பள்ளிக்குச் செல்கிறான். அம்மூவரையும் விட்டுப் பிரிந்து தஞ்சைக்குச் சென்று தங்கும் எண்ணம் அவருக்கும் இல்லை. அவர் துணைவியாருக்கும் இல்லை. அருகில் நின்ற அந்த அம்மையார் மெல்லச் சிரித்து, "நீங்களாவது கேளுங்கள், அண்ணா. சமையலறையில் நான் திரும்பி நிற்க இடம் எங்கே விட்டிருக்கிறார் என்று கேளுங்கள்" என்றார்.

அவ்விரண்டு வினாக்களும் வீடு திரும்பிய பின்னும் நம்மை விட்டு அகலவில்லை. இவை அவ்வன்பர் ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல. நம்மில் எத்தனை குடும்பங்கள் இங்கே வாடகை அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்துகொண்டு, பிறந்த ஊரில் பூட்டிய வீடு ஒன்றுக்குக் கடன் கட்டி வருகின்றன! ஆண்டுக்கு ஒரு முறை சென்று ஒட்டடை அடித்து, பொங்கலிட்டு, மீண்டும் பூட்டிவிட்டு ரயிலேறுகிறோம். வீடு என்பது யாருக்காக, எதனைக் கொண்டு, எவ்வளவில் கட்டப்பட வேண்டும்? இதற்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்ற ஒருவரை இத்திங்கள் நினைவுகூர விரும்புகிறோம். நம்மைப் போலவே அவரும் பிறந்த மண்ணை விட்டு வந்தவர். நம்மினும் நெடுந்தொலைவிலிருந்து வந்தவர். அவர் பெயர் லாரி பேக்கர்.

இங்கிலாந்து நாட்டின் பர்மிங்காம் நகரில் 1917-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் பிறந்த பேக்கர், அந்நகரிலேயே கட்டடக் கலை பயின்றார். இளமையிலேயே குவேக்கர் என்னும் கிறித்தவ நெறியைத் தழுவினார். எளிய வாழ்வும், எந்நிலையிலும் ஆயுதம் ஏந்தாமையும் அந்நெறியினரின் கொள்கைகள். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவர் படையில் சேர மறுத்தார். ஆயின் வீட்டில் ஒதுங்கி இருக்கவும் மறுத்தார். குவேக்கர்கள் நடத்திய மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து, அறுவை மருத்துவத்தின்போது நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கும் பணியைக் கற்று, சீன நாட்டுக்குச் சென்றார். அங்கே போரில் புண்பட்டோருக்கும் தொழுநோயாளருக்கும் தொண்டு செய்தார். மனை வரையக் கற்ற கை மருந்து கலக்கும் கையாயிற்று.

உடல் நலம் குன்றித் தாய்நாடு திரும்பும் வழியில், கப்பலுக்காக அவர் பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. அக்காலத்தில் காந்தியடிகளைச் சந்திக்கும் பேறு அவருக்குக் கிட்டியது. அப்போது அவர் அணிந்திருந்தவை கழிவுத் துணியால் கையினால் செய்யப்பட்ட காலணிகள். அவை அடிகளின் கண்ணில் பட்டன. உரையாடல் அங்கிருந்தே தொடங்கிற்று. இந்தியாவுக்குத் திரும்பி வந்து பணியாற்றுமாறு அடிகள் அவரை ஊக்கினார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அனைத்தும் அது நிற்கும் இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்னும் அடிகளின் கருத்து இளைஞரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பேக்கர் தம் முதுமைக் காலத்திலும் அக்கருத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்ததுண்டு.

1945-ஆம் ஆண்டு அவர் இந்தியாவுக்கு மீண்டும் வந்தார். தொழுநோயாளருக்கென இருந்த பழைய காப்பகங்களை முறையான மருத்துவமனைகளாக மாற்றி அமைக்கும் பணி அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பணியினூடே, கேரளத்தைச் சேர்ந்த மருத்துவரான எலிசபெத் ஜேக்கப் என்னும் பெண்மணியைக் கண்டார். இருவர் உள்ளமும் ஒன்றின. சுற்றத்தாரின் இசைவு எளிதில் கிட்டவில்லை. காத்திருந்து 1948-ஆம் ஆண்டு மணம் செய்துகொண்டார்கள்.

மணம் முடிந்து இருவரும் இமயத்தின் மடியிலுள்ள பித்தோரகட் என்னும் ஊருக்குச் சென்றார்கள். இன்றைய உத்தராகண்ட மாநிலத்தில், நேபாள எல்லையை அடுத்திருக்கும் ஊர் அது. சில நாள் தங்கிச் செல்லலாம் என்று போனவர்கள், அங்கே பதினாறு ஆண்டுகள் தங்கிவிட்டார்கள். மருத்துவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று அறிந்த மலைமக்கள் நெடுந்தொலைவு நடந்து வந்து நோயாளிகளைக் கொண்டு சேர்த்தார்கள். மனைவி மருத்துவம் பார்த்தார்; கணவர் மருந்து கொடுக்கவும் மயக்க மருந்து செலுத்தவும் உடனிருந்தார்; ஒழிந்த நேரத்தில் சுவர் எழுப்பினார். மருத்துவமனையும் வீடும் ஒன்றாகவே வளர்ந்தன.

அவ்வாண்டுகளே அவர் வாழ்வின் திருப்பம் என்போம். பர்மிங்காமில் அவர் கற்ற பாடம் மலையில் பயன்படவில்லை. அங்கே எஃகும் கண்ணாடியும் இல்லை. கல்லும் மண்ணும் மரமும் இருந்தன. கரையானும் பெருமழையும் அவர் பாடநூல்களில் இடம் பெறாதவை. ஆனால் எழுத்தறியாத மலைவாழ் மக்களோ, தலைமுறை தலைமுறையாக அக்கல்லையும் மண்ணையும் கொண்டு, குளிரையும் மழையையும் தாங்கும் வீடுகளைக் கட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பட்டம் பெற்ற பேக்கர் அவர்கள் முன் மாணவராக அமர்ந்தார். நாம் இந்நிகழ்ச்சியைப் பெரிதாகக் கருதுகிறோம். வேற்றூருக்குச் செல்பவன் தன் ஊர் வழக்கத்தையே அங்கும் நாட்ட முயல்வது இயல்பு. வந்த ஊரின் மக்களிடம், "இங்கே எப்படி வாழ்கிறீர்கள்? கற்றுக்கொடுங்கள்" என்று கேட்கும் பணிவு சிலருக்கே வாய்க்கும்.

1963-ஆம் ஆண்டு அக்குடும்பம் தெற்கே பெயர்ந்து, கேரளத்தின் வாகமண் மலையில் மீண்டும் ஒரு மருத்துவமனையை அமைத்தது. 1970-ஐ ஒட்டித் திருவனந்தபுரம் சென்றடைந்தது. பேக்கர் முழுநேர வீடமைப்பாளராக நாடறியத் திகழ்ந்தது இதன் பின்னரே. அப்போது அவர் அகவை ஐம்பதைக் கடந்துவிட்டது. நம் அன்பர்களில் பலர் ஓய்வூதியக் கணக்கைத் தொடங்கும் வயது அது!

அவர் வீடு கட்டிய முறையை இனிச் சிறிது விளக்குவோம். வீடு கட்ட முற்படும் குடும்பங்களுக்கு அது பயன்படும்.

முதலாவது, சுவர். வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கற்களைப் படுக்க வைத்து அடுக்குவர். பேக்கர் அவற்றை விளிம்பில் நிறுத்தி வைத்துக் கட்டச் செய்தார். சுவரின் இரு முகங்களுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டாகிறது. எலிப்பொறியைப் போன்று தோன்றுவதால் அதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். இங்கிலாந்தில் முன்பே இருந்த இம்முறையை நம் நாட்டில் பரப்பியவர் அவரே. இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். இடையே நிற்கும் காற்று வெளி வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கும். சுவருக்குப் பூச்சு வேண்டாம் என்பதும் அவர் கொள்கை. நன்றாகச் சுட்ட செங்கல் தானே அழகுடையது. அதனைச் சாந்தால் மறைத்து, அச்சாந்தினை வண்ணத்தால் மறைத்து, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் வண்ணம் பூசுவதற்குச் செலவு செய்வானேன் என்பது அவர் வாதம்.

இரண்டாவது, கூரை. காங்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள காங்கிரீட், கம்பிகளைப் பற்றிக்கொண்டிருப்பதைத் தவிர வலிமை எதனையும் பெரிதாகத் தருவதில்லை. ஆகவே கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளை வைத்து, அவற்றின் மேல் காங்கிரீட் இட்டால் சிமெண்டு குறையும், தளத்தின் எடையும் குறையும், அறையும் குளிரும். வீடு இடிப்போர் தூக்கி எறியும் ஓடுகள் இவ்வாறு கூரைக்குள் புகுந்தன.

மூன்றாவது, சன்னல். மரச் சட்டமும் கதவும் கண்ணாடியும் கம்பியும் கொண்ட சன்னலுக்கு, அதே அளவுள்ள செங்கற் சுவரைவிடப் பல மடங்கு செலவாகும். சுவரிலேயே செங்கற்களை இடைவிட்டு அடுக்கினால் காற்றும் வெளிச்சமும் தாமே வரும், கள்வர் வரார். நம் பழைய வீடுகளின் பலகணிகளை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று.

நான்காவது, வட்டம். நம் கணக்கு ஆசிரியர் இதனைப் பெரிதும் விரும்புவார். நாற்பது அடி நீளச் சுவரைக் கொண்டு ஒரு சதுர அறை கட்டினால் உள்ளே 100 சதுர அடி இடம் கிடைக்கும். அதே நாற்பது அடிச் சுவரை வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 127 சதுர அடி கிடைக்கும். சுவர் ஒன்றே, இடம் கால் பங்குக்கு மேல் கூடுகிறது. திருவனந்தபுரம் சென்ற அன்பர்கள், பேருந்து நிலையத்தின் அருகில் தம்பானூரில் உள்ள இந்தியன் காப்பி ஹவுஸைக் கண்டிருக்கலாம். சுருள் போல் மேலேறும் சாய்தளத்தின் ஓரத்தில் மேசைகளும் இருக்கைகளும் அமைந்த அச்செங்கல் உருளை பேக்கரின் கைவண்ணமே. இட்டலியும் காப்பியும் அருந்திக்கொண்டே ஒரு பாடத்தைக் கற்றுவிடலாம்.

அவர் பெரிய நிறுவனங்களுக்கும் கட்டினார். பொருளியல் அறிஞர் கே. என். ராஜ், முதலமைச்சர் அச்சுத மேனன் ஆகியோரின் ஆதரவோடு 1970-களின் தொடக்கத்தில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மையம் இன்றும் மாணவர்கள் வந்து பார்த்துச் செல்லும் இடம். அங்கே மரங்களை வெட்டிச் சுவரை நேராக்கவில்லை. மரங்களுக்காகச் சுவரை வளைத்தார். ஆயினும் அவர் உள்ளம் சிறு குடும்பங்களின் வீடுகளிலேயே நிலைத்திருந்தது. வீடு கேட்டு வருபவருடன் அவர் நெடுநேரம் பேசுவார். எத்தனை பேர், எவ்வாறு வாழ்கிறார்கள், எவ்வளவு பணம் இருக்கிறது என்பவற்றை அறிந்த பின்னரே எழுதுகோலை எடுப்பார். பழைய உறைகளின் பின்புறத்திலும் ஒருபுறம் பயன்பட்ட தாள்களிலுமே அவர் வரைந்தார். பெரிய அலுவலகமோ உதவியாளர் கூட்டமோ அவருக்கு இல்லை. நாள்தோறும் மனைக்கே சென்று, கொத்தனாரின் அருகில் நின்று, கரணையைத் தாமே வாங்கிக் கட்டிக் காட்டினார்.

அவர் ஆசிரியப் பணியைப் பற்றியும் கூற வேண்டும். பேக்கர் கட்டும் முறையை அறிந்த கொத்தனார்கள் முதலில் யாரும் இல்லை. சாரத்தடியே பள்ளியாயிற்று; சித்தாளும் கொத்தனாரும் மாணாக்கரானார்கள். சிமெண்டுக்கும் எஃகுக்கும் செல்லும் பணம் தொலைவிலுள்ள ஆலைக்குப் போகிறது; கைத்திறனுக்குக் கொடுக்கும் கூலி அதே ஊரில் ஓர் அடுப்பை எரிய வைக்கிறது. ஆதலால் பொருளைக் குறைத்து உழைப்பைக் கூட்டுவதே அவர் கணக்கு. தாம் கற்றவற்றைத் தம் கையெழுத்திலேயே, வேடிக்கைப் படங்களுடன், சிறு நூல்களாக எழுதி வெளியிட்டார். படித்தவர் பாமரர் யாவருக்கும் விளங்குமாறு அமைந்தவை அவை. 1985-ஆம் ஆண்டு அச்சுத மேனன் முதலியோருடன் சேர்ந்து காஸ்ட்போர்டு என்னும் அமைப்பையும் நிறுவினார். அவ்வழியில் பயின்றவர்கள் இன்றும் கட்டி வருகிறார்கள்.

அவர் தமக்கெனக் கட்டிக்கொண்ட இல்லம் திருவனந்தபுரத்தின் நாலாஞ்சிறையில், பாறை நிறைந்த சரிவில் இருக்கிறது. வேறொருவர் இது மனைக்கு உதவாது என்று ஒதுக்கியிருப்பார். பாறையை உடைக்காமல் அதன் மேலும் கீழும் வீட்டைப் படியப் படிய அமைத்தார். அது ஒரே ஆண்டில் எழுந்து நின்ற வீடன்று. குடும்பம் வளர வளர, கையில் பணமும் பொருளும் சேரச் சேர, அறை ஒவ்வொன்றாகக் கூடிற்று. இடித்த வீடுகளின் மரங்களும் கதவுகளும் அங்கே மறுவாழ்வு பெற்றன. உடைந்த பீங்கானும் கண்ணாடித் துண்டும் சுவரில் சித்திரமாயின. மனைவியும் மூன்று பிள்ளைகளும் அவருமாக அங்கே வாழ்ந்தார்கள். தம் மனைவியின் மருத்துவப் பணிக்குத் துணையாகப் பல்லாண்டுகள் நின்றவர், அதனை ஒருபோதும் தமக்குக் குறைவாகக் கருதவில்லை. குடும்பத் தலைவர் என்பதற்கு இதுவும் ஒரு பொருள் என்று நாம் கொள்ளலாம்.

1980-களின் இறுதியில் அவர் இந்தியக் குடிமகனானார். 1990-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள், தொண்ணூறாம் அகவையில், அதே நகரில் மறைந்தார். பர்மிங்காமில் அவருக்குப் பூட்டிய வீடு ஏதும் இல்லை.

இதனைப் படிக்கும் அன்பர்கள் உடனே செங்கற் பலகணிக்கு ஆள் தேட வேண்டா. கேரளத்தின் ஈரக் காற்றுக்கு ஏற்ற துளைச்சுவர், டில்லியின் புழுதிக் காற்றுக்கும் சனவரிக் குளிருக்கும் படுக்கையறையில் ஏற்காது. பூச்சில்லாத சுவருக்கு நல்ல செங்கல் வேண்டும். எலிப்பொறிக் கட்டுக்குப் பழகிய கை வேண்டும். இரண்டும் எல்லா ஊரிலும் எளிதில் கிட்டுவதில்லை. பேக்கரின் வீட்டைப் படியெடுப்பது பேக்கரைப் பின்பற்றுவதாகாது. இமயத்தில் கல்லும், கேரளத்தில் செங்கல்லும் எடுத்தவர் அவர். இடத்தைப் பார், இருப்போரைக் கேள், இருப்பதைக் கொண்டு கட்டு என்பதே அவரிடம் நாம் பெறத்தக்க பாடம்.

இக்கருத்துகளை நம் ஆசிரிய அன்பரிடம் சென்ற வாரம் அவர் இல்லத்திலேயே கூறினோம். அவர் முதலில் வாதிட்டார். "ஊரில் நமக்கென ஒரு கூரை வேண்டாமா? அப்பா இருந்த மனை ஐயா அது" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. அவ்வுணர்ச்சியை நாம் எள்ளளவும் குறைத்து மதிப்பிடவில்லை. பிறந்த மண்ணில் ஒரு பிடி இடம் வேண்டும் என்னும் ஏக்கம் நம் அனைவர்க்கும் உரியது. ஆயின் அந்த ஏக்கத்துக்கு ஓர் அறையும் ஒரு திண்ணையும் போதும் அல்லவா? மூன்று படுக்கையறைகளும் வண்டி நிறுத்துமிடமும் அயலார் பார்வைக்காகவே என்பதை அவரே சிறிது நேரத்தில் ஒப்புக்கொண்டார்.

பிறகு நடந்ததே நமக்கு மகிழ்ச்சி தந்தது. அவர் எழுந்து சென்று, பள்ளி நாள்களில் மிஞ்சிய சுண்ணக்கட்டி ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். கூடத்துத் தரையில் மேசையை ஒதுக்கிவிட்டு, தாம் வரைந்த சமையலறையை முழு அளவில் கோடிட்டார். "உள்ளே வா" என்று துணைவியாரை அழைத்தார். அம்மையார் கோட்டுக்குள் சென்று, அடுப்பு இருக்குமிடத்தில் நின்று, திரும்பினார். முழங்கை கோட்டுக்கு வெளியே சென்றது. பேரன் கைகொட்டிச் சிரித்தான். ஆசிரியர் சிரிக்கவில்லை, கோட்டையே நோக்கிக்கொண்டிருந்தார். பின்னர்ச் சுண்ணக்கட்டியை அம்மையாரின் கையில் கொடுத்து, "நீயே போடு" என்றார்.

வீடு இங்கே எழுமா, தஞ்சையில் எழுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. மகனையும் மருமகளையும் வைத்துக்கொண்டு, வரும் ஞாயிறன்று குடும்பத்தோடு பேசப்போவதாகச் சொன்னார்கள். நாம் விடைபெறும்போது கூடத்தில் இரண்டாம் சமையலறை வரையப்பட்டுக்கொண்டிருந்தது. முதலாவதினும் அது இரண்டடி அகலம்.